11 மாதக் குழந்தைக்கு முடி வளரவில்லை என்று கேட்ட அம்மாவுக்கு

வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். பெண் குழந்தை, 11 மாதம் முடியப்போகிறது. முன்னந்தலையில் பூனை முடி மாதிரி கொஞ்சம் இருக்கிறது, பின்மண்டையில் அதுவும் சரியாக இல்லை. ஐந்தாம் மாதம் ஒரு மொட்டை, ஒன்பதாம் மாதம் இன்னொரு மொட்டை போட்டும் அடர்த்தியாக வரவில்லை. ஆண்டு நிறைவுக்கு வைத்தீஸ்வரன் கோயிலில் காதுகுத்தும் மூன்றாவது மொட்டையும் வைத்துக்கொள்ளலாம் என்று மாமியார் சொல்கிறார். எந்த எண்ணெய் தேய்ப்பது, மெடிக்கலில் வாங்கிய பயோட்டின் என்கிற வைட்டமின் சொட்டு மருந்தைத் தொடரலாமா, மொட்டை போடலாமா என்று மூன்று கேள்விகள். ஆனால் கடைசி வரியில், "என் பாலில் சத்து இல்லையோ என்று எல்லாரும் கேட்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உங்களைத் தூங்கவிடாத கேள்வி என்று நினைக்கிறேன். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் பாலுக்கும் குழந்தையின் தலைமுடிக்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் எதையும் தவறவிட்டுவிடவில்லை.

நான் குழந்தை மருத்துவர். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆறு வருஷம் இருந்தேன், அப்புறம் கும்பகோணத்தில் இருபது வருஷத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காய்ச்சலுக்கும் சளிக்கும் வருகிறவர்கள், எழுந்து போகும்போது கதவருகில் நின்று, "டாக்டரம்மா, இன்னொன்னு கேக்கணும், தலையில முடியே இல்லையே" என்பார்கள். வாரத்தில் நாலைந்து பேராவது கேட்கும் கேள்வி இது. அவர்களில் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. மிகச் சிலருக்கு இருந்தது. அந்தச் சிலரை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம். தலையில் முடி முளைக்கும் வேர்க்குழிகள் ஏறக்குறைய ஒரு லட்சம். அத்தனையும் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே, ஐந்தாம் மாதத்தை ஒட்டி உருவாகிவிடுகின்றன. பிறந்த பிறகு புதிதாக ஒரு குழிகூட உண்டாவதில்லை. எண்ணெயாலும் முடியாது, மொட்டையாலும் முடியாது. இருக்கிற குழியிலிருந்து எப்போது, எவ்வளவு தடிமனாக முடி வரும் என்பது மட்டும்தான் மாறும். ஒவ்வொரு முடியும் கொஞ்ச காலம் வளரும், அப்புறம் ஓய்வெடுக்கும், பிறகு உதிரும், அதே குழியில் புது முடி கிளம்பும். நமக்கெல்லாம் இது தலை முழுக்கக் கலந்து நடப்பதால் தெரிவதில்லை. பச்சைக்குழந்தைக்கு மட்டும் வயல் அறுவடை மாதிரி ஒரு பக்கம் மொத்தமாக நடக்கும். முன்னந்தலை முடி வயிற்றிலேயே ஒருமுறை ஓய்வுக்குப் போய்விடும். பின்மண்டை முடி பிறக்கும் சமயத்தில்தான் ஓய்வுக்குப் போகும், இரண்டு மூன்று மாதம் கழித்து உதிரும். அதனால்தான் மூன்று மாதக் குழந்தைக்குப் பின்னால் ஒரு பட்டை போட்டாற்போல வழுக்கை தெரிகிறது. தூளியிலும் பாயிலும் தலை உரசுவது அதைக் கொஞ்சம் சீக்கிரப்படுத்தும், அவ்வளவுதான். இதற்காகக் குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்துத் தூங்கச் செய்கிறவர்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம். தூங்கும்போது மல்லாக்கப் படுக்க வைப்பதுதான் பாதுகாப்பு. விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்கும் நேரத்தில், குப்புறப் போட்டு விளையாடவிடுங்கள்.

இப்படி முதல் முடி உதிர்ந்த பிறகு வருவது மென்மையான, மெல்லிய முடி. தடித்த முடி ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் மெதுவாக வரும், சில குழந்தைகளுக்கு மூன்று வயதுகூட ஆகும். இதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. அம்மா அப்பாவுக்கு இப்போது எவ்வளவு முடி என்று பார்க்காதீர்கள், ஒரு வயதில் எவ்வளவு இருந்தது என்று பாருங்கள். ஒரு பாட்டி, பேத்திக்கு முடி இல்லை என்று மருமகளைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். அடுத்த முறை வரும்போது உங்கள் மகனின் சின்ன வயசுப் படம் ஏதாவது இருந்தால் எடுத்து வாருங்கள் என்றேன். கும்பகோணத்தில் ஏதோ ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், மரக்குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு வயதுப் பையன், தலை வழவழவென்று மாங்கொட்டை போல. பாட்டி அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மருமகள் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எடுக்கவே இல்லை.

உங்கள் குழந்தை விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது, இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒன்பதாம் மாதம் மழித்துவிட்டதால், இப்போது நீங்கள் பார்ப்பது இரண்டு மாத முடிதான். பெரியவர்கள் தலையிலேயே மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். மெல்லிய குழந்தை முடி இரண்டு மாதத்தில் விரற்கடை அளவுகூட வந்திருக்காது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு 11 மாத முடி, உங்கள் குழந்தைக்கு 2 மாத முடி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்களுடையது தோற்கத்தான் செய்யும்.

மொட்டை போட்டால் அடர்த்தியாக வரும் என்பது நம் ஊரில் அசைக்க முடியாத நம்பிக்கை. அது ஏன் உண்மை போலத் தெரிகிறது என்றால், வெட்டாத முடியின் நுனி கூம்பி மெலிந்திருக்கும். மழித்த பிறகு வரும் முனை மொட்டையாக, தண்டின் முழுத் தடிமனோடு வெளிவரும், தடவினால் சொரசொரவென்று இருக்கும், பார்வைக்கும் கறுப்பாகத் தெரியும். அதோடு, ஒரு வயதை ஒட்டி மொட்டை போடுகிறோம், தடித்த முடி வருவதற்கு உரிய வயதும் அதுவேதான், பெயர் மொட்டைக்குப் போய்விடுகிறது. மழிப்பதால் முடியின் தடிமனோ வேகமோ மாறுவதில்லை என்பதை 1928-லேயே அமெரிக்காவில் அளந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள். கத்தி படுவது தோலுக்கு மேலே, வேர் இருப்பது தோலுக்கு அடியில்.

மாசமாக இருக்கும்போது நெஞ்சு கரித்தால் பிள்ளைக்கு முடி அதிகம் என்பார்களே, அதைப் பற்றியும் நிறைய பேர் கேட்கிறார்கள். 2006-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 64 கர்ப்பிணிகளிடம் பார்த்தபோது ஏதோ தொடர்பு இருப்பதாகத்தான் தெரிந்தது. ஆனால் அது சின்ன ஆய்வு, அதுவும் பிறக்கும்போது இருக்கும் முடி பற்றியது. அந்த முடி எப்படியும் உதிரப்போவது. ஒரு வயதில் தலை எப்படி இருக்கும் என்பதற்கு அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

சரி, எப்போது கவலைப்பட வேண்டும்? முடியை மட்டும் தனியாகப் பார்த்து ஒரு மருத்துவரும் முடிவு சொல்ல முடியாது, குழந்தை முழுவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நீங்கள் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்த வரி, பிறந்தபோது 2.8 கிலோ, இப்போது 8.6 கிலோ என்பது. பிறந்த எடை ஒரு வயதில் மூன்று மடங்காக வேண்டும், உங்கள் குழந்தை 11 மாதத்திலேயே அந்தக் கணக்கைத் தாண்டிவிட்டாள். நாலு பல் வந்துவிட்டது, பிடித்துக்கொண்டு நடக்கிறாள் என்கிறீர்கள். இப்படிப்பட்ட குழந்தைக்கு முடி மட்டும் தாமதம் என்றால் நான் ரத்தப் பரிசோதனைகூட எழுத மாட்டேன்.

ஆனால் வீட்டிலேயே நாலு விஷயத்தைப் பார்த்துவிடுங்கள். குளிப்பாட்டித் துடைத்த பிறகு, காலை வெயில் பக்கவாட்டில் விழும்படி ஜன்னலோரம் உட்கார வைத்துத் தலையை உற்றுப் பாருங்கள். தலை முழுக்க மெல்லிய பூனை முடி தெரிந்தால் நல்லது. இடத்துக்கு இடம் ஒடிந்த குச்சி மாதிரி முடி நின்றால், அல்லது செதிலோடு வட்டமாக ஒரு திட்டு இருந்தால், அது படர்தாமரையாக இருக்கலாம். தலையில் வரும் படர்தாமரைக்கு மேலே தடவும் களிம்பு மட்டும் போதாது, வாய்வழி மருந்தும் வேண்டும். வழவழவென்று பிறந்ததிலிருந்தே ஒரே இடத்தில், மஞ்சளாகவோ தழும்பு போலவோ திட்டு இருந்தால் அது வேறு வகை, தோல் மருத்துவர் ஒருமுறை பார்க்கட்டும். அடுத்து புருவமும் இமை முடியும் இருக்கிறதா என்று பாருங்கள். பல் சாதாரணமாக இருக்கிறதா, ஊசி மாதிரி கூம்பியிருக்கிறதா? நான்காவது, குழந்தைக்கு வேர்க்கிறதா?

இந்த நான்காவதை நான் ஒருபோதும் கேட்காமல் விடுவதில்லை, அதற்குக் காரணம் ஒரு பையன். ஒரு சித்திரை மாதம், ஒன்றரை வயது. ஒரு மாதமாகக் காய்ச்சல், மூன்று இடத்தில் காட்டியாகிவிட்டது, ரத்தம் சிறுநீர் எல்லாம் பார்த்தாகிவிட்டது, ஆன்டிபயாடிக் மாற்றி மாற்றிக் கொடுத்தும் நிற்கவில்லை. கரண்ட் போன நேரம், அறையில் எல்லாருக்கும் வேர்த்து வழிகிறது, என் கையிலிருந்த பேனாகூட நழுவுகிறது. பையன் முதுகில் கை வைத்தால் வெயிலில் காய்ந்த ஓடு மாதிரி சூடாக, வறண்டு இருந்தது. அம்மா, "இவனுக்கு வேர்க்கவே வேர்க்காது டாக்டர், சட்டையே அழுக்காகாது" என்று பெருமையாகத்தான் சொன்னார். தலையில் நாலைந்து வெளிர் முடி, வாயைத் திறந்தால் இரண்டே பல், இரண்டும் கூம்பு. வியர்வைச் சுரப்பி, பல், முடி மூன்றும் சரியாக உருவாகாத பிறவிக் குறை அது. காய்ச்சல் என்று எல்லாரும் நினைத்தது உடம்பு சூட்டை வெளியே விட முடியாமல் தவித்தது. ஈரச் சட்டை போட்டு, நிழலில் வைத்து, அடிக்கடி தண்ணீர் தெளித்தோம், "காய்ச்சல்" நின்றுவிட்டது. இது அபூர்வம், இத்தனை வருஷத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் நம் ஊர் கத்திரி வெயிலில் இது தெரியாமல் போனால் உயிருக்கே ஆபத்து, அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

இன்னொன்று தைராய்டு. முடி வறண்டு முரடாக இருப்பதோடு, மலச்சிக்கல், கரகரத்த அழுகை, தொப்புள் பிதுக்கம், எந்நேரமும் தூக்கம், உட்காருவது நிற்பது எல்லாம் பிந்துவது என்று சேர்ந்து வந்தால் உடனே பார்க்க வேண்டும், ஏனென்றால் தாமதம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பிறந்த சில நாளில் குதிகாலில் ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருப்பார்கள், எடுத்துப் பாருங்கள். அதே போல வாயைச் சுற்றியும் ஆசனவாயைச் சுற்றியும் ஆறாத புண், கூடவே வயிற்றுப்போக்கு, முடி உதிர்வு என்றால் துத்தநாகக் குறையாக இருக்கலாம். முடி உதிர்வோடு வலிப்பு வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

இப்போது மருந்து. பயோட்டின் சொட்டை நிறுத்திவிடுங்கள். பயோட்டின் குறைபாடு மிக அபூர்வம், குழந்தைகளுக்குப் பெரும்பாலும் பிறவி நோயால் வருவது, அது இல்லாத குழந்தைக்கு இந்தச் சொட்டு முடி வளர்க்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அதற்கு மேல், பயோட்டின் அதிகமாக உடம்பில் இருக்கும்போது தைராய்டு பரிசோதனை முடிவு தப்பாக வரலாம். எப்போதாவது அந்தப் பரிசோதனை எடுக்க நேர்ந்தால் இந்தச் சொட்டு கொடுத்தோம் என்று சொல்ல மறக்காதீர்கள்.

எண்ணெய் என்றால் தேங்காய் எண்ணெய் போதும். தலையில் பொருக்கு கட்டியிருந்தால் ராத்திரி தடவி ஊறவைத்து, காலையில் மெல்லிய பிரஷால் தேய்த்துக் கழுவினால் போய்விடும், நகத்தால் பிய்க்க வேண்டாம். கரிசலாங்கண்ணி, செம்பருத்தி போட்டுக் காய்ச்சிய எண்ணெய் உங்கள் வீட்டில் வழக்கமாக இருந்தால், தோல் சிவக்காதவரை நான் தடுப்பதில்லை, ஆனால் அதனால் முடி வந்தது என்று சொல்லவும் மாட்டேன். வெங்காயச் சாறு வேண்டாம், எரியும். கற்பூரம் கலந்த எண்ணெய் கண்டிப்பாக வேண்டாம், பச்சைக்குழந்தைக்கு அது உடம்பில் ஏறினால் வலிப்பு வரலாம். தலை காய சாம்பிராணி போடுவதையும் விட்டுவிடுங்கள், துண்டால் ஒற்றினாலே இந்த முடி காய்ந்துவிடும், புகைதான் மூச்சுக்குழாயை அரிக்கும். வீட்டில் அப்பாவோ மாமாவோ வழுக்கைக்கு மினாக்சிடில் தடவினால் ஒரு எச்சரிக்கை: அது பட்ட தலை, கை, தலையணை எதுவும் குழந்தையைத் தொடக் கூடாது. அப்படிப் பட்டு, குழந்தையின் முதுகிலும் காலிலும் முடி மண்டிய சம்பவங்கள் ஸ்பெயினில் பதிவாகியிருக்கின்றன.

சத்து பற்றிக் கேட்கிறவர்களுக்கு ஒரு விஷயத்தில் மட்டும் பாதி உண்மை உண்டு. தாய்ப்பாலில் இரும்புச்சத்து குறைவு, எல்லாத் தாய்க்கும் அப்படித்தான். வயிற்றில் இருக்கும்போது வாங்கிச் சேமித்த இரும்பு ஆறு மாதம்வரை ஓடும். அதற்குப் பிறகு சாப்பாட்டிலும் மருந்திலும் கொடுக்க வேண்டும். 2019–21-ல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்பு கொடுத்தால் முடி வளரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், பெரியவர்களிடமே அந்தத் தொடர்பு உறுதியாகவில்லை. ஆனால் ரத்தத்துக்கும் மூளைக்கும் அது வேண்டும், எண்ணெய்க்குச் செலவழிக்கும் அக்கறையை இங்கே காட்டினால் பலன் நிச்சயம். நர்ஸம்மாவிடம் இரும்புச்சத்து சிரப் இலவசமாகக் கிடைக்கும், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு தடவையும் 1 மில்லி. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். நம் பக்கம் குழந்தைக்கு ரசம் சாதத்தைக் கரைத்துக் கொடுத்தே ஒரு வருஷத்தை ஓட்டிவிடுகிறார்கள். கெட்டியாக, பருப்பும் நெய்யும் பிசைந்து கொடுங்கள், முட்டை, மீன், ஆட்டு ஈரல் சாப்பிடும் வீடு என்றால் மசித்துக் கொடுங்கள். சைவம் என்றால் கேழ்வரகு, கீரை, பயறு, கூடவே இரண்டு சொட்டு எலுமிச்சை. ஒரு வயதுவரை பசும்பாலைத் தனிப்பாலாகக் குடிக்கக் கொடுக்காதீர்கள், வீட்டில் மாடு கட்டியிருந்தாலும்.

உங்கள் தலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரசவத்துக்குப் பிறகு மூன்று நாலு மாதத்தில் அம்மாவுக்கும் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டும், பெரும்பாலும் ஒரு வருஷத்தில் திரும்பிவிடும். அந்த முடி குழந்தையின் கால் விரலில் சுற்றிக்கொள்ளும் என்பதை மட்டும் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நாலு மாதக் குழந்தை ஒன்று ராத்திரி முழுக்க வீறிட்டு அழுதிருக்கிறது, உரம் விழுந்துவிட்டது என்று விடியற்காலையில் போய் உரம் எடுத்துவிட்டு வந்தும் நிற்கவில்லை. இங்கே வந்து காலுறையைக் கழற்றினால் இரண்டாவது விரல் நாவல்பழம் போல வீங்கிக் கறுத்திருந்தது, வேரில் ஒரே ஒரு நீள முடி, கண்ணுக்கே தெரியாமல் இறுகியிருந்தது. அறுத்து எடுத்தோம், விரல் பிழைத்தது. காரணம் தெரியாமல் குழந்தை அழுதால் பத்து விரலையும் விரித்துப் பாருங்கள்.

இனி மூன்றாவது மொட்டை. வேண்டுதல் என்றால் தாராளமாகப் போடுங்கள், அது உங்கள் குடும்பமும் சாமியும் சம்பந்தப்பட்டது, நான் நடுவில் வர மாட்டேன். வைத்தீஸ்வரன் கோயிலோ, சமயபுரமோ, வேளாங்கண்ணியோ, நாகூரோ, எங்கே முடி இறக்கினாலும் உங்கள் கண்ணெதிரே புது பிளேடைப் பிரித்து முழுதாக மாற்றச் சொல்லுங்கள், பாதி பிளேடு, ஏற்கெனவே போட்ட பிளேடு எதுவும் வேண்டாம். மஞ்சள் காமாலைத் தடுப்பூசி (ஹெபடைடிஸ் பி) முடிந்திருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். தலையில் புண்ணோ காய்ச்சலோ இருந்தால் தள்ளிப்போடுங்கள். கீறல் பட்ட இடத்தில் சந்தனம் அப்பாமல் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள், வெயிலில் தலையில் ஒரு பருத்தித் துணி போடுங்கள். முடி வளரட்டும் என்பதற்காக மட்டும் என்றால் வேண்டாம், இரண்டு மாத முடி மறுபடி பூஜ்யத்துக்குப் போகும், மறுபடி இதே கேள்வியோடு உட்கார்ந்திருப்பீர்கள்.

நான் குழந்தையை நேரில் பார்க்கவில்லை, நீங்கள் எழுதியதை வைத்துத்தான் சொல்கிறேன். மேலே சொன்ன நாலில் ஏதாவது ஒன்று இடித்தால் பக்கத்தில் இருக்கும் குழந்தை மருத்துவரிடம் தாய்-சேய் அட்டையோடு போங்கள், முடியின் அமைப்பிலேயே சந்தேகம் என்றால் தோல் மருத்துவர் சின்னக் கருவியை வைத்துப் பார்த்தே நிறையச் சொல்லிவிடுவார். எதுவும் இடிக்கவில்லை என்றால் இன்றைக்கு அந்த ஜன்னலோரத்தில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். மாதம் ஒருமுறை அதே இடம், அதே வெளிச்சம். தினமும் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத வளர்ச்சி படத்தில் தெரியும். இரண்டு வயது முடிந்தும் தலைத்தோல் பளிச்சென்று தெரிகிற அளவுக்கு இருந்தால் அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். அப்புறம், வேர்க்கிறதா இல்லையா, புருவம் எப்படி இருக்கிறது என்பதை மட்டும் இங்கேயே எழுதுங்கள், பார்த்துவிட்டுப் பதில் போடுகிறேன்.